நரம்புக்கு நீலம் ஏற்றிய சவுரிமுத்து

கட்டிய புருஷனின் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. காகிதத்தில் ஏற வேண்டும் என்பதால் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்: சவுரிமுத்து. இனி ஜோதி அப்பா என்றுதான் சொல்வேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல ஜோதியின் மகள் எழுதுகிறாள். நான் சொன்னதை அவள் மாற்றினால், திரும்ப வாசிக்கச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவேன்.

ஜோதி அப்பா முடிச்சூரில் பிறந்தவர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குச் சேர்ந்தார். விலங்கியல் பிரிவின் ஜன்னலோரம் இருந்த குரோட்டன்ஸ் செடிகளுக்கு மட்டும் மற்ற செடிகளைவிட இரண்டு மடங்கு தண்ணீர் போகுமாம். உள்ளே மாணவர்கள் குனிந்து எதைப் பார்க்கிறார்கள் என்று இவர் பார்த்துக்கொண்டே நின்றதுதான் காரணம். அந்தப் பிரிவின் பேராசிரியர் ஸ்ரீரங்கன் சார் ஒருநாள் ஜன்னல் கம்பி வழியாகவே சொன்னாராம்: "ஏம்ப்பா, அந்தச் செடி அழுகிப்போயிடும். நீ உள்ளேயே வந்து பாரேன்." அப்படி ஆய்வுக்கூடத்துக்கு அட்டெண்டர் ஆனார்.

எனக்கும் அவருக்கும் அறுபத்திரண்டில் கல்யாணம். நான் மாடம்பாக்கத்துக்காரி. சேலையூர்ப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றில் குடித்தனம் வைத்தோம். கல்யாணமாகி இரண்டாவது வாரம் விடிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போனவர், ஒரு டிபன் டப்பாவோடு திரும்பி வந்தார். அதை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திறந்து பார்த்தேன். வெள்ளையாக, மெத்தென்று, கட்டை விரல் தடிமனில் ஒரு முழ நீளம். உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. கறிக்கடைக்காரர் எவ்வளவு பக்குவமாக ஊறப்போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். துண்டு போட்டேன். மிளகு இடித்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "இன்னா வாசனை இது?"

"மூளை வறுவல். மிளகு தூக்கலா போட்டுக்கீறேன்."

"மூளையா? ஏது மூளை?"

"நீங்கதானே வாங்கினு வந்தீங்க."

அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "அடிப்பாவி! அது மாட்டு முதுகுத்தண்டுடி! இருபத்தஞ்சு பேருக்குப் பத்து மணிக்கு பிராக்டிகலு!"

"இருபத்தஞ்சு பேருக்கா? இத்துனூண்டு யாருக்குப் பத்தும்?"

சாப்பிடாமல் சைக்கிளில் ஏறிப் பல்லாவரம் பக்கம் இருந்த மாட்டுத்தொட்டிக்கு மறுபடி ஓடினார். மாடு அறுக்கிற இடத்தை நாங்கள் தொட்டி என்போம். அங்கே பாட்சா பாய் என்று ஒருவர். மாட்டை நெடுக்காகப் பிளந்தால் தண்டு சிதைந்துவிடும் என்பதால், கல்லூரிக்கென்று வந்தால் முதுகெலும்பைத் துண்டாக வெட்டி, மூங்கில் குச்சியால் தள்ளி முழுசாக எடுத்துத் தருவார். நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். அதற்கப்புறம் இவர் எப்போது போனாலும் பாய் கேட்கிற முதல் கேள்வி, "இன்னாப்பா, இது காலேஜுக்கா, அடுப்புக்கா?" என்பதுதான். எனக்கும் சேதி அனுப்புவார்: "தங்கச்சிகிட்ட கேளு, மிளகுக்குப் பதிலா பச்ச மிளகா போட்டா எப்டி இருக்கும்னு."

அந்தத் தண்டை வைத்துக் கல்லூரியில் என்ன செய்வார் என்பதை ஜோதி அப்பா எனக்குச் சோற்றுத் தட்டில் விளக்கினார். தண்டைக் குறுக்கே வெட்டினால் சுற்றிலும் வெண்மை, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி. அதன் முன்பக்கத்து இரண்டு இறக்கைகளும் தடித்திருக்கும். பெரிய நரம்பு செல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. ஊசிமுனையால் அங்கிருந்து கடுகளவு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லால் அழுத்தி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். உலர்த்தி, மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை விட்டு, நேரம் பார்த்துக் கழுவ வேண்டும். கூடக் கழுவினால் வெளுத்துப்போகும், குறைத்துக் கழுவினால் ஒரே மைக்கறை. மேலே பால்சம் பிசின் ஒரு சொட்டு வைத்து மெல்லிய கண்ணாடி மூடினால் அது ஸ்லைடு. எம்.எஸ்சி. படித்தவர்கள் செய்தால் ஒரு ஸ்லைடில் இரண்டு செல் தெரியும், ஜோதி அப்பா செய்தால் பத்து தெரியும் என்று ஸ்ரீரங்கன் சாரே சொல்வார். "இடம் தெரியணும் புள்ள. இறக்கையை விட்டுட்டுப் பக்கத்துல குத்துனா வெறும் நாருதான் வரும்" என்பார் இவர்.

வேலை முடிந்து வரும்போது விரல் நுனியெல்லாம் நீலமாக இருக்கும். அந்தக் கையோடு சோற்றைப் பிசைவார். "சொட்டு நீலத்துல வெளுத்த வேட்டி மாதிரி கீது சோறு" என்று திட்டுவேன். கேட்க மாட்டார்.

அறுபத்து நாலில் ஜோதி பிறந்தாள். ஞானஜோதி என்று ஞானஸ்நானப் பெயர். பத்தாவது மாதமே நடந்துவிட்டாள். நடந்தாள் என்றா சொன்னேன், ஓடினாள். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் தாழப் பறந்து வந்தால், கையை விரித்துக்கொண்டு அதன் பின்னாலேயே தெருமுனைவரை ஓடுவாள். நான் பின்னால் ஓடுவேன்.

அறுபத்தேழு, மழைக்காலம். ஜோதிக்கு மூன்று வயது. காய்ச்சல் வந்தது. உடம்பு அனல், கழுத்தைத் திருப்பினால் அழுகை. தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனோம். அவர் தொட்டுப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சிரப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "படுக்க வைங்க. அலைக்கழிக்காதீங்க. நாளைக்கு மறுபடி காட்டுங்க" என்றார். ஊசி போடவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. ஊசி போடாத வைத்தியம் ஒரு வைத்தியமா? எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அன்றைக்கு அப்படித்தான் சொல்வார்கள். ஊசி போட்டால்தான் டாக்டர் அக்கறையாகப் பார்த்ததாக அர்த்தம்.

"டாக்டரம்மா சொன்னதைக் கேளு புள்ள. படுக்கவை, போதும்" என்று சொல்லிவிட்டு ஜோதி அப்பா கல்லூரிக்குப் போனார். நான் கேட்பவளா? அவர் தலை மறைந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரும்புலியூர்வரை நடந்தேன். அங்கே முனிரத்தினம் என்ற கம்பவுண்டர் தன் வீட்டு முன்னறையில் ஊசி போடுவார்.

"இன்னாம்மா, எந்தப் பக்கம் போடட்டும்?" என்று கேட்டார்.

"வலது பக்கம் போடுங்க. இடது பக்கமா ஒருக்களிச்சுதான் படுப்பா" என்றேன்.

சாயங்காலம் ஜோதி அப்பா வந்ததும் பெருமையாகச் சொன்னேன், இடுப்பில் வலது பக்கம் போடச் சொன்னது உட்பட. "சொன்னா கேக்க மாட்டியே" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. "பாத்தீங்களா?" என்றேன்.

மூன்றாவது நாள் காலை ஒன்றுக்குப் போக ஜோதியைக் கீழே நிறுத்தினேன். வலது கால் ஈரத்துணி மாதிரி மடிந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து மறுபடி நிறுத்தினேன். மறுபடி மடிந்தது. ஜோதி அப்பா ஓடி வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டார். பாதத்தைக் கிள்ளினார். வீலென்று அழுதாள், ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கை விளிம்பால் முட்டிக்குக் கீழே மெதுவாகத் தட்டினார். இடது கால் துள்ளியது. வலது கால் கிடந்தபடி கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இளம்பிள்ளை வாதம் என்றார்கள். அதற்குச் சொட்டு மருந்து உண்டு என்பதே அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் அங்கே இருந்தோம். வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியைச் சுற்றினார்கள், மரப்பலகையில் காலைக் கட்டி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "வரக்கூடியது ஒன்றரை வருஷத்துக்குள் வந்துவிடும். அதற்குள் வராதது வராது."

அந்த ஒன்றரை வருஷம்தான் என் பிழைப்பே. அதற்கு முன்னால் என்ன தின்றேன், பின்னால் என்ன உடுத்தினேன் என்றுகூட ஞாபகம் இல்லை.

நாங்கள் வீடு திரும்பிய வாரம் ஸ்ரீரங்கன் சார் பார்க்க வந்தார். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, ஜோதி அப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போனார். வாதாமரத்தடியில் இரண்டு பேரும் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சார் ஏதோ கேட்டார், இவர் பதில் சொன்னார், சார் மெதுவாக ஏதோ சொன்னார். இவர் அப்படியே தரையில் குந்திவிட்டார். பிள்ளைக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கங்கம்மா வந்து என் காதில் ஓதினாள். "தினம் தினம் மாட்டு முதுகை நசுக்குற கை. அந்தப் பாவம் எங்கடி போவும்? புள்ள முதுகுலதான் வந்து உக்காரும்."

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. மாட்டின் தண்டு, பிள்ளையின் தண்டு. அந்தக் கையிலிருந்து இந்த உடம்புக்கு. அவர் வேலையிலிருந்து வந்து பிள்ளையைத் தூக்கக் குனிந்தபோது குறுக்கே நின்றேன்.

"தொடாதீங்க. அந்தக் கையிலேர்ந்துதான் ஒட்டிக்கினு வந்துக்கீது. கண்ட கண்ட நரம்பையும் நோண்டிட்டு வந்து புள்ளையத் தூக்குவீங்க. இப்போ பாருங்க."

அவர் என்னையே பார்த்தார். பின்கட்டுக்குப் போனார். கிணற்றில் தண்ணீர் சேந்துகிற சத்தம் கேட்டது. சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு வந்து நின்றார். "இப்போ தூக்கலாமா?" என்றார்.

அவர் மறுத்துப் பேசாததையே, தப்பை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மழையோ பனியோ, வேலையிலிருந்து வந்தால் முதலில் கிணற்றடி, பிறகுதான் பிள்ளை. நீலம் போகத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வெடித்துவிடும். பாட்சா பாயும் "அடுப்புக்கா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாராம். இலையில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "புள்ள எப்டி கீது?" என்று மட்டும் கேட்பாராம்.

நான் சும்மா இருக்கவில்லை. புறா ரத்தம் தேய்த்தால் வாதம் போகும் என்றார்கள், தேய்த்தேன். ஏதேதோ எண்ணெய் தேய்த்தேன். மெழுகில் கால் செய்து மாதா கோயிலில் வைத்தேன். ஒன்றல்ல, ஏழு கால். ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சியை ஜோதி அப்பா ஒருநாள் விடாமல் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஜோதியைப் பாயில் படுக்க வைத்து, "கட்டை விரலை ஆட்டு கண்ணு" என்பார். அவள் முகத்தைச் சுருக்கி, பல்லைக் கடித்து, இரண்டு கையையும் மூடிக்கொண்டு முயல்வாள். உடம்பு முழுக்க ஆடும், விரல் மட்டும் ஆடாது. "ஆட்டிட்டேன் பாத்தியாப்பா?" என்பாள். "பாத்தேன் பாத்தேன்" என்பார்.

ஆறு மாதம் ஆனது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கல்லூரிக்கே போய் ஆய்வுக்கூட வாசலில் நின்றேன். மாணவர்கள் போயிருந்தார்கள். இவர் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கு எது போச்சோ அதை எனக்குக் காட்டுங்க" என்றேன்.

"இன்னா புள்ள இது, இங்க வந்துகினு..."

"காட்டினாத்தான் போவேன்."

நான் போக மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். பெட்டியிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னார். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. அவர் திருகைத் திருப்பத் திருப்ப நீலமாகப் புகை வந்தது. பிறகு புகை விலகி அது வந்து நின்றது.

என்னவென்று சொல்வேன்? பிடுங்கிய செடியை வேரோடு கண்ணாடியில் ஒட்டியது மாதிரி. நடுவில் ஒரு உடம்பு. அதிலிருந்து நாலா பக்கமும் கிளைத்துக் கிளைத்துப் போகிற வேர்கள். உடம்பு முழுக்கப் புலித்தோல் மாதிரி கருநீலத் திட்டுகள். அதன் நடுவில் வெளிறிய வட்டம், வட்டத்துக்குள் ஒரே ஒரு கரும்புள்ளி. கண்ணும் கருவிழியுமாக அது என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

"அந்தக் கண்ணு மாதிரி கீதே, அதுதான் நியூக்ளியஸ்" என்றார் காதருகில். "திட்டுத் திட்டா தெரியுதே, அதுதான் அடுப்படி. அந்த செல்லுக்கு வேண்டியதெல்லாம் அங்கதான் ஆவும். சுத்தி இருக்குற வேருங்க சேதி கேக்குறதுக்கு. ஒரே ஒண்ணு மட்டும் சேதி சொல்றதுக்கு. அது கிளம்புற இடத்துல மேடா, திட்டே இல்லாம வெளுப்பா இருக்கும். பாரு, கீழ் மூலையில."

பார்த்தேன். வழவழவென்று ஒரே நூலாகக் கிளம்பி ஓரத்தில் அறுந்திருந்தது.

"இந்த நூலு எது வரைக்கும் போவும்?"

"இதுல அறுந்துபோச்சு. உடம்புல நேரா கறிக்குப் போவும், தசைக்கு." என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே முதுகைத் தொட்டார். "இங்கேர்ந்து பாதம் வரைக்கும், ஒரே செல்லு, ஒரே நூலு. மேல வெண்ணெய் தடவின மாதிரி ஒரு உறை. மூளை இன்னா சொன்னாலும் கடைசியில காலுக்கு எடுத்துச் சொல்றது இதுதான். இதுங்க போயிட்டா சொல்றதுக்கு ஆள் இல்ல."

"கிள்ளினா அழுவுறாளே? அது எப்படி?"

"வலி ஏறிவர நூலு வேற. அதோட செல்லுங்க தண்டுக்கு வெளியில மூட்டையா தனியா உக்காந்து கீது. அதுக்கு ஒண்ணும் ஆவல."

அதாவது பிள்ளைக்கு வலி மட்டும் தெரியும், நகர மட்டும் முடியாது. எந்த ஊர் நியாயம் இது?

"தோலு கிழிஞ்சா வளருது. நகம் வெட்டினா வளருது. இது வளராதா?"

"இது வளராது. பொறக்கும்போது இருக்குறதுதான். காய்ச்சல்ல மொதல்ல அந்தத் திட்டுங்க கரையும், கண்ணு ஓரத்துக்கு ஒதுங்கும். அதுல சிலது தேறிக்கும், சிலது போயிடும். ஜோதிக்கு எத்தினி தேறும்னு பாக்கத்தான் டாக்டரு ஒன்றரை வருஷம் சொல்லிக்கீறாரு."

"இங்கதான் இத்தினி வெச்சிக்கீறீங்களே. இதுல ஒண்ணு எடுத்து வெக்க முடியாதா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார். "முடியாது புள்ள. இதுவும் செத்ததுதான். நீலம் ஏத்தினதால உசுரோட கீற மாதிரி தெரியுது."

கண்ணை எடுக்காமலே கேட்டேன்: "ஏன் வலது காலு மட்டும்?"

திரும்பிப் பார்த்தேன். ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். "எது போவும், எது நிக்கும்னு யாரால சொல்ல முடியும்?" என்றார்.

பத்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டை விரல் ஆடியது. கொஞ்சம், ஒரு நெல் அகலத்துக்கு. ஜோதி அப்பா தெருவுக்கு ஓடி, போகிற வருகிறவர்களையெல்லாம் கூட்டி வந்து ஆட்டச் சொல்லிக் காட்டினார். சில செல் தேறிவிட்டது என்றார். பிழைத்த செல் பக்கத்திலிருக்கும் அநாதைத் தசைக்கும் ஒரு கிளை விட்டு அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் என்றார். நான் எட்டாவது மெழுகுக் காலை வாங்கினேன். விரலுக்கு அடுத்துப் பாதம், பாதத்துக்கு அடுத்து முட்டி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். விரலோடு நின்றுவிட்டது.

அறுபத்தொன்பதில் ஒன்றரை வருஷம் முடிந்தது. அடுத்த வாரம் காலைத் தாங்கும் காலிபருக்கு அளவெடுக்கப் பட்டணத்துக்குப் போனோம். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல் வார், கனத்த பூட்ஸ். தினமும் காலையில் அதை மாட்டிவிடுவது அவர் வேலை. சாயங்காலம் கழற்றுவதும் அவர்தான், கிணற்றடிக்குப் போய்விட்டு வந்து. காலிபர் போட்டாலும் தெருமுனைவரைதான் நடப்பாள். பள்ளிக்கூடத்துக்கு நான் இடுப்பில் வைத்துத் தூக்கிப் போனேன். இரும்போடு சேர்த்துத் தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும். விமானச் சத்தம் கேட்டால் அவள் நின்று தலையை மட்டும் நிமிர்த்துவாள்.

எழுபத்தைந்து. நான் கோயிலை ஒட்டிய சிறு பிள்ளைகள் பள்ளியில் ஆயாவாக இருந்தேன். ஒருநாள் சரோஜினி என்று ஒரு நர்ஸம்மா வந்து, கைக்குழந்தைக்காரிகளை எல்லாம் கூட்டி வைத்துச் சொட்டு மருந்து பற்றிச் சொன்னார். நான் பின்னால் விளக்குமாறோடு நின்று கேட்டேன். கடைசியில் சொன்னார்: "இன்னொண்ணு. என்ன காய்ச்சல்னு தெரியாம ஓடிப்போய் ஊசி போடாதீங்க. இளம்பிள்ளை வாதக் காய்ச்சலா இருந்தா, ஊசி போட்ட கால்லயே போய் விழும். எத்தனையோ பிள்ளைங்களைப் பாத்துட்டேன்."

விளக்குமாறு கையில் இருந்ததா, விழுந்ததா, தெரியாது. எந்தப் பக்கம் போடட்டும் என்று கேட்ட குரல்தான் காதில் இருந்தது.

சாயங்காலம் வந்தார். வழக்கம் போலக் கிணற்றடிக்குப் போனார். பின்னாலேயே போனேன். கையில் சோப்பு நுரையோடு நிமிர்ந்தார்.

"ஊசியாலதானா?" என்றேன்.

எந்த ஊசி என்று அவர் கேட்கவில்லை. "யாரு சொன்னது?"

"கோயிலுக்கு வந்த நர்ஸம்மா. உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஸ்ரீரங்கன் சாரு வந்தாரே, அன்னைக்கு. கொழந்தைக்கு ஊசி ஏதாவது போட்டேளான்னு கேட்டாரு. எந்தப் பக்கம்னு கேட்டாரு."

"எட்டு வருஷம். எட்டு வருஷமா உங்களைத் தண்ணியில நிக்க வெச்சிகினு கீறேன். உங்க கைதான் உங்க கைதான்னு வாயில வந்ததெல்லாம் பேசினேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா காலு வந்துருக்குமா?"

நான் அவர் கையிலிருந்த சோப்பைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அவளை இடுப்புல வெச்சிகினு ஆஸ்பத்திரிக்கும் இஸ்கூலுக்கும் நடந்தது நீ. அன்னைக்கே சொல்லிருந்தா நீயும் உக்காந்துடுவே. ரெண்டு பேரைத் தூக்க என்னால ஆவாது புள்ள." தண்ணீரை எடுத்துக் கையில் ஊற்றிக்கொண்டார். "ஊசி போடலன்னாலும் வந்துருக்கலாம். சாரே சொன்னாரு, ஒருத்தரும் உறுதியா சொல்ல முடியாதுன்னு."

"வலது பக்கம்னு சொன்னது நான்தானே" என்றேன். அவர் மறுபடி வாளியைக் கிணற்றில் இறக்கினார்.

அந்த வாரமே ஜோதியிடம் சொல்லிவிட்டேன். பதினொரு வயது அவளுக்கு. மறைத்து வைக்க எனக்குத் தெம்பில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, "ஊசி போட்டப்போ அழுதேனாம்மா?" என்றாள். "அழுதே" என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் வருவதற்கு முன்பே கிணற்றடி வாளியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டேன். சைக்கிளை நிறுத்தினார். கிணற்றடிக்குப் போனார். வாளியைத் தேடினார். நான் பின்வாசலில் நின்று, "வேணாங்க. அப்படியே வாங்க. அப்படியே தொடுங்க அவளை" என்றேன். விரல் நுனியில் நீலம் அப்படியே இருந்தது. உள்ளே ஜோதி காலிபரோடு உட்கார்ந்து, கழற்றிவிட அப்பா வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இரண்டடி வைத்தார், நின்றார். கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வாசலைத் தாண்டி வர அவரால் முடியவில்லை.

"பழகிடுச்சு புள்ள. வாளியைக் குடு" என்றார்.

கொடுத்தேன். வேறு என்ன செய்வேன்? மாற்றிவிடலாம் என்று எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்தேன். என் பிடிவாதம் எல்லோரிடமும் செல்லும், அவரிடம் அந்த ஒரு விஷயத்தில் செல்லவில்லை. எழுபத்தொன்பது ஆடி மாதம் நெஞ்சு வலியில் போகிறவரை, தலையில் தண்ணீர் ஊற்றாமல் அவர் தன் மகளைத் தொட்டதில்லை.

ஒன்று மட்டும் செய்தேன். அந்த நாலு வருஷமும் அவர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கும்போது கிணற்றடி வாளியில் வெந்நீர் தயாராக இருக்கும்.